விரல் நுனியிற் கண் தந்த பெரியார்

யூபிலி மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் தமிழ்ப் புலவர் ஒருவரையே தெரிந்தெடுப்போம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் தெரிந்தெடுத்தவரோ தமிழில் ஓரெழுத்தும் அறியாதவர். பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். ஐந்து வயது தொடக்கம் ஒளியென்பதையே காணாதவர். அவர் பெயர் லூயி பிரெயில். விழிப்புலன் அற்றோர் விரலாற் படிக்கும் புள்ளியெழுத்தை ஆக்கியவர் என அவரை யாவரும் அறிவர். அவர் கண்ணிழந்த வகையை அறிந்தவர் சிலரே. அவ்வகையைப் பற்றி எழுதவேண்டும் என்னும் எண்ணம் பாசிக்குடாவை அடுத்த ஒரு வீட்டிலே நிகழ்ந்த நிகழ்ச்சியால் எமக்கு உண்டாயிற்று. அதனை அதற்குரிய இடத்திற் கூறுவோம்.

பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிற் கூவ்ரே என்னும் ஊர் உளது. அங்கே 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி லூயி பிறந்தார். தந்தையார் சீமோன் ரெனே பிரெயில். தாயார் மொனிக் பரோன். நான்கு பிள்ளைகளுள் லூயியே கடைசிப் பிள்ளை. குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைப்பது தந்தையாரின் தொழில். குதிரையின்றி உழவும் பயணமும் நடவாத அக்காலத்திலே அஃது ஊருக்கு இன்றியமையாத தொழிலாயிருந்தது. சிறிது நிலமும் முந்திரிகைத் தோட்டமும் அக்குடும்பத்துக்கு இருந்தன. செல்வர் அல்லர், எனினும் உண்ணவும் உடுக்கவும் குறைவில்லாதவர்.

வீட்டை ஒட்டித் தந்தையாரின் தொழிற்சாலை. தோலின் மணமும் கருவிகளின் மினுக்கமும் எந்தக் குழந்தையையும் இழுக்குமன்றோ? 1812ஆம் ஆண்டிலே ஒருநாள், மூன்று வயதுக் குழந்தையாகிய லூயி அவ்விடத்தே புகுந்து, தந்தையைப் போலத் தானும் தோலைத் துளைக்க முயன்றான். கையிலெடுத்த கருவி குத்தூசி என்பர் பலர். வளைந்த சிறு கத்தி என்பாரும் உளர். தோலின் வழுவழுப்பில் அது வழுக்கிற்று. மேலெழுந்து ஒரு கண்ணைத் துளைத்தது. அயலிலிருந்த முதியவள் ஒருத்தி லில்லி மலர் ஊறிய நீரிலே துணியை நனைத்துக் கட்டினாள் என்ப. வைத்தியருக்கும் காட்டினர். நுண்கிருமியால் நோய் உண்டாகும் என்பதனை வைத்தியர் அறியாத காலம் அது. அக்கண் போயிற்று.

அத்தோடு நின்றிருந்தால், ஒற்றைக் கண்ணுடன் லூயியும் தந்தையைப் போலச் சேணம் தைத்து வாழ்ந்திருப்பான். உலகம் அவனை அறிந்திராது. கேடு நிற்கவில்லை. யாதொரு காயமும் படாத மற்றைக் கண் சிவந்தது. வெளிச்சத்தைக் கண்டாற் கூசியது. சிறிது சிறிதாக மங்கியது. ஐந்து வயது ஆகுமுன் இருகண்ணும் இருண்டன. விடியாதது ஏன் எனக் குழந்தை தாயைக் கேட்டுக்கொண்டிருந்ததாக வரலாறு எழுதினோர் கூறுவர். கேட்கப்பட்ட தாய்க்கு அந்நாட்கள் எவ்வாறு கழிந்தன என்று எவரும் எழுதவில்லை.

காயம் பட்டது ஒரு கண்; ஒளியிழந்தவை இரண்டு. இஃது எங்ஙனம்? குழந்தை காயத்தைத் தடவிய கையால் மற்றைக் கண்ணையும் கசக்கியது, அதனால் அழுகல் பரவிற்று எனப் பழைய நூல்கள் எழுதிவிட்டன. அதனை இன்றும் நம்புவோர் உளர். ஆயின் மருத்துவ அறிஞர் பலர் இது வேறொரு நோய் என்றே கருதுவர். அந்நோயின் பெயர் பரிவுக் கண்ணழற்சி. லூயி உயிரோடிருந்த காலத்திலேயே, 1840ஆம் ஆண்டளவில், கிளாஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் வில்லியம் மக்கென்சி என்பார் இதனை விரிவாக எழுதி இப்பெயரையும் இட்டார். ஒரு கண்ணுக்கு உற்ற துன்பத்தை மற்றைக் கண் தானும் பரிந்து ஏற்கின்றது என்பது பெயரின் கருத்து. தமிழாசிரியர் என்னும் முறையில் எமக்கு இப்பெயரில் உடன்பாடில்லை. பரிவு என்பது அன்பின் வழிப்பட்டது. இங்கு நிகழ்வதோ அன்பன்று. காவலன் வீட்டுக்காரனையே கள்வனெனக் கருதி அடித்த கதை.

அதனைச் சற்று விளக்குவோம். நம் உடலிலே புகும் நுண்கிருமிகளை வெண்குருதிக்கலங்கள் எதிர்த்து அழிக்கின்றன. இவ்வாற்றலை நிர்ப்பீடனம் என நம் நாட்டுப் பாடநூல்கள் கூறும். தன் உடலின் பொருள் எது, அயற்பொருள் எது எனப் பிரித்தறியும் பயிற்சி இக்காவலர்க்கு இளமையிலேயே கிடைக்கின்றது. ஆயினும் வீட்டிலே காவலர் நுழையாத அறையும் ஒன்று உண்டு. அது கண்ணின் உள்ளறை. காவலர் அங்கே புகுந்து போரிடத் தொடங்கினால், பகைவன் அழிவதற்கு முன் பார்வை அழிந்துவிடும். ஆதலின் இயற்கை அவ்வறையைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கின்றது. கதிராளியிலும் தோலுருவிலும் உள்ள கருநிறக் கலங்களின் புரதங்களைக் காவலர் நன்கு அறியார்.

கூரிய கருவி கண்ணைத் துளைக்கும்போது அவ்வறை திறக்கின்றது. உள்ளே மறைந்திருந்த புரதங்கள் வெளியேறி நிணநீர்க்கணுக்களை அடைகின்றன. காவலர் அவற்றைப் புதியனவாகக் காண்கின்றனர், பகையென எண்ணுகின்றனர். அப்புரதங்களே மற்றைக் கண்ணிலும் உள்ளமையால் ஆங்கும் படையெடுக்கின்றனர். காயம் பட்டு ஓரிரு கிழமையிலும் இது தொடங்கலாம். பெரும்பாலும் சில மாதங்களுள், ஓராண்டுக்குள் தொடங்கும். பல்லாண்டு கழிந்து தோன்றியதும் உண்டு. முன்னாளில் வைத்தியர்க்கு ஒரேயொரு வழியே தெரிந்திருந்தது. பார்வை மீளாதெனத் தோன்றிய கண்ணை 14 நாளுக்குள் அகற்றிவிடுதலே அது. கோவ்ரே ஊர்த் தாயிடம் அதனைக் கூற எவரும் இருந்திலர்.

பாசிக்குடாவை அடுத்த வீட்டின் செய்தியைக் கூறுதற்கு இதுவே இடம். அக்கடலை அறியாதார் நம் பழைய மாணவருள் இரார். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் மார்பளவைக் கடவாத அமைதியான கடல் அது. அதனருகே வாழ்ந்த மீன்பிடிகாரர் ஒருவரின் பிள்ளைகள் இருவர் எம்மிடம் படித்தனர். மூத்தவன் ஈர்க்கினால் அம்பு செய்து விளையாடியபோது அது தம்பியின் கண்ணிற் பட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று காயத்தைத் தைத்தனர், பார்வை மீளவில்லை. ஏழு கிழமையின் பின் நல்ல கண்ணும் சிவந்து நீர் வடியத் தொடங்கிற்று. தகப்பனார் எம்மிடம் வந்து என்ன செய்யலாம் என வினவினார். தவணைப் பரீட்சை முடிய இன்னும் ஒரு கிழமையே உண்டு, அதன் பின் கொண்டுபோய்க் காட்டலாம், அழுதழுது கண் சிவந்திருக்கும் என்று யாம் கூறினோம். ஊரில் ஆசிரியர் சொல்லுக்கு உள்ள மதிப்பு பெரிது. அவர் ஒரு கிழமை காத்திருந்தார்.

பின்னர்க் காட்டியபோது வைத்தியர் உடனே மருந்து தொடங்கினர். பையன் முற்றாக இருளடையவில்லை. முன்வாங்கிலிருந்தாற் கரும்பலகையைப் படிப்பான், பின்வாங்கிலிருந்தாற் படியான். அந்த ஏழு நாளும் போகாதிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என யாம் வைத்தியரிடம் கேட்கத் துணியவில்லை.

ஊரார் பேச்சு வேறு வழியிற் சென்றது. அம்பெய்த மூத்தவனைப் பாவி என்றனர். அப்பிள்ளை பல மாதம் எவருடனும் பேசாதிருந்தான். தாயின் தந்தையாரும் முதுமையில் ஒரு கண் தெரியாதவர். ஆதலின் அது தாயின் குடியிலே வரும் சாபம் என்றனர். மட்டக்களப்பிலே குடி தாய்வழியே எண்ணப்படுவதை வாசகர் அறிவர். குடி தாய்வழி வருவதாற் பழியும் தாய்வழியே வந்தது. அவ்வீட்டு மூத்த பெண்ணுக்குப் பேசிவந்த கலியாணமும் அதனால் நின்றது. கண்நோயுள்ள குடியிற் பெண் எடுப்பதில்லை என மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினர். அதன் பின்னரே யாம் இந்நோயைப் பற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படிக்கலாயினோம். பிரெயிலின் வரலாறும் அப்போதே எமக்கு வேறொரு பொருள் தந்தது.

கண்ணைத் துளைத்த காயம் பட்டவர் ஆயிரவருள் ஐவர்க்கு மேல் இந்நோய் வருவதில்லை என மருத்துவ நூல்கள் கூறும். எஞ்சிய அத்தனை பேர்க்கும் காயம் பட்ட கண்ணோடு துன்பம் நின்றுவிடுகின்றது. ஒரே வகைக் காயத்துக்கு உடல்கள் இருவேறு விடை தருவானேன்? விடையின் ஒரு பகுதி பரம்பரையலகுகளிலே உள்ளது. தமிழ்நாட்டார் மரபணு என வழங்குவது இதனையே. லூயி வாழ்ந்து மறைந்த அதே பாரிசு நகரிலே, 1958ஆம் ஆண்டு, ஜான் தோசே என்னும் மருத்துவ அறிஞர் வெண்குருதிக்கலங்களின் மேலே ஆளுக்காள் வேறுபடும் அடையாளப் புரதம் ஒன்றனைக் கண்டார். எச்.எல்.ஏ. என இப்போது வழங்கும் தொகுதியை அறிந்த முதற்படி அது. 1980இல் நோபற் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நம் ஆறாவது நிறமூர்த்தத்திலே இத்தொகுதிக்குரிய பரம்பரையலகுகள் உள.

இப்புரதங்களின் தொழிலை வெற்றிலைத் தட்டத்தோடு ஒப்பிடலாம். கலம் தன்னுள்ளே அகப்பட்ட புரதத் துண்டுகளை இத்தட்டத்தில் வைத்துக் காவலர் முன் நீட்டுகின்றது. தட்டத்தின் வடிவம் ஆளுக்காள் வேறு. ஒருவர் தட்டத்தில் நன்கு பொருந்தும் துண்டு மற்றொருவர் தட்டத்திற் பொருந்தாது நழுவும். கண்ணின் கருநிறக் கலங்களுக்குரிய துண்டைச் சில வகைத் தட்டங்கள் இறுகப் பற்றிக் காவலர்க்குக் காட்டிவிடுகின்றன என்பதே அறிஞர் கருத்து. பரிவுக் கண்ணழற்சி உற்ற யப்பானியரிடத்தும், பின்னர் 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி பிரித்தானிய, அயர்லாந்து மக்களிடத்தும், எச்.எல்.ஏ. டி.ஆர்.4 என்னும் வகை மற்றையோரிடத்திலும் பார்க்க மிகுதியாகக் காணப்பட்டது. காயம் எதுவுமின்றியே இருகண்ணையும் தாக்கி, தோலையும் மயிரையும் வெளிறச் செய்யும் நோய் ஒன்றுண்டு. வொக்ட், கொயனகி, ஹரடா என்னும் மூவரின் பெயரால் அதனை வழங்குவர். அது பரிவுக் கண்ணழற்சியின் உடன்பிறப்பு எனலாம். தென்னிந்தியத் தமிழரிடத்தும் அது வருவதுண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையாரும் ஜெனீவா நகர ஆய்வாளரும் சேர்ந்து நம்மினத்து நோயாளரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிபும் இத்தட்டத்தின் ஒரு சிறு பகுதியையே சுட்டிற்று.

இங்கே ஒரு செய்தியைக் கூறாது செல்ல மனம் வரவில்லை. டி.ஆர்.4 வகையோடு தொடர்புடைய நோய்களுட் கைகால் மூட்டுக்களை வீங்கச் செய்து முடக்கும் முடக்குவாதமும் ஒன்று. அரவிந்த் மருத்துவமனையை 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவர் வேங்கடசாமி, ஏறக்குறைய முப்பதாவது வயதில் அந்நோய்க்கு ஆளாகி விரல்கள் கோணி முறுக்குண்டவர். பேறுகால மருத்துவத்தைக் கைவிட நேர்ந்தது. கோணிய விரல்களுக்குக் கருவியைப் பிடிக்கக் கற்பித்து, கண் வைத்தியராகி, தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 2006இல் மறைந்தார்.

மீண்டும் நம் வீட்டின் செய்திக்கு வருவோம். எச்.எல்.ஏ. பரம்பரையலகுகளிற் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருவன. தாயின் குடி மட்டும் தருவது அன்று. உடன்பிறந்தார் இருவர்க்கு இருபாதியும் ஒன்றாய் அமைவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அங்ஙனம் அமைந்தாலும், கண் துளைக்கப்படாதவிடத்து இந்நோய் இல்லை. துளைக்கப்பட்டாலும் பெரும்பாலார்க்கு இல்லை. இதனையொத்த வேறொரு கண்ணழற்சியிலே இது தெளிவாகத் தெரிகின்றது. கண்ணின் முற்பகுதியைத் தாக்கும் அவ்வழற்சிக்கும் எச்.எல்.ஏ. பி.27 என்னும் வகைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்பது 1973ஆம் ஆண்டு தொடக்கம் அறிந்ததே. ஐரோப்பியருள் நூற்றுக்கு எட்டுப்பேரளவில் அவ்வகையினர்; அவர்களுள்ளும் மிகச் சிலரே கண்நோய் உறுகின்றனர். பாட்டனாரின் முதுமைக் குருட்டுக்கும் பேரனின் நோய்க்கும் தொடர்பில்லை. இவற்றையெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரிடம் யாமே நேரிற் சென்று எடுத்துரைத்தோம். தேநீர் தந்தனர், பொறுமையோடு கேட்டனர், விடையொன்றும் சொல்லவில்லை. அப்பெண் பின்னர் வேறோர் ஊரில் மணமாகி நலமாக வாழ்கின்றாள்.

மூத்தவனிடமும் சொன்னோம். உன் அம்பு ஒரு கண்ணைக் கெடுத்தது, மற்றைக் கண்ணைக் கெடுத்தது நீயல்லை என்று சொல்வது எளிதாயிருந்தது. ஏழு நாளைப் பற்றிச் சொல்வது எளிதாயிருக்கவில்லை, அதனையும் சொன்னோம்.

கோவ்ரேயிலே சீமோன் ரெனே பிரெயிலுக்கு இவ்வாறு சொல்ல எவருமில்லை. கருவி அவருடையது; தொழிற்சாலை அவருடையது. அவர் துயரத்தை அளந்து கூற எம்மிடம் சான்றில்லை. அவர் செய்தவற்றையே கூறலாம். மகனை மூலையிலிருத்தி ஊட்டி வளர்க்கவில்லை. நடப்பதற்குக் கோல் செய்து கொடுத்தார். ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, மகன் விரலாற் தடவி எழுத்தறியச் செய்தார். யாம் அறிந்த மட்டில், லூயியின் முதல் ஆசிரியர் அவரே.

1815ஆம் ஆண்டிலே பலுயி என்னும் பாதிரியார் அவ்வூர்க் கோயிலுக்கு வந்தார். அவர் சிறுவனின் கூர்மையைக் கண்டு தாமே கற்பித்தார். ஊர்ப் பாடசாலையிலும் சேர்ப்பித்தார். பார்வையுள்ள பிள்ளைகளுடன் ஒரே வாங்கிலிருந்து கேட்டுக் கேட்டே லூயி முன்னணியில் நின்றான். ஊர்ப் பிரபுவின் துணையாற் பாரிசிலுள்ள குருட்டு இளைஞர்க்கான அரச கல்விச்சாலையில் இடம் கிடைத்தது. 1819ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி, பத்து வயதில், தந்தையோடு புறப்பட்டு அங்கே சேர்ந்தான்.

வலந்தேன் அயுயி என்னும் பெருந்தகை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய கல்விச்சாலை அது. குருடர்க்கும் கல்வி கூடும் என உலகுக்கு முதலிற் காட்டியவர் அவரே. ஆயின் கட்டடம் பழையது, ஈரம் கசிவது, பிள்ளைகள் அடிக்கடி நோயுற்றனர். புத்தகங்களோ சாதாரண எழுத்தைப் பெரிதாகப் புடைக்கச் செய்தவை. ஒவ்வோரெழுத்தையும் விரலாற் சுற்றித் தடவி அறிந்து அடுத்த எழுத்துக்குச் செல்வதற்குள் முதலெழுத்து மறந்துபோம். ஒரு புத்தகத்தைத் தூக்குவதற்கே வலிமை வேண்டும். படிக்கலாம், தாமே எழுத இயலாது. எழுத இயலாத கல்வியைக் கல்வியென லூயி ஏற்கவில்லை.

1821இல் சார்ள் பார்பியே என்னும் படைத் தலைவர் தாம் ஆக்கிய புள்ளி முறையைக் கல்விச்சாலைக்குக் கொண்டுவந்தார். இருளிலே விளக்கின்றிச் செய்தி படிக்க உதவும் எழுத்து என அதனைக் கூறுவர். பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டது; ஒலியை மட்டும் குறிப்பது; எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, எண், இசை எதுவும் அதில் இல்லை. பன்னிரண்டு புள்ளி விரல் நுனியில் ஒருமிக்க அடங்கா. மேலும் கீழும் தேடவேண்டும். கண்ணுடையார் கண்ணால் ஆராய்ந்து விரலுக்கென ஆக்கிய எழுத்து அது. அப்பிழையைக் கண்டுபிடிக்க விரலால் வாழ்ந்த ஒருவனே வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வயதிலே தொடங்கி, பகல் வகுப்பு முடிந்தபின் இரவிலும், விடுமுறைக்குக் கோவ்ரே சென்ற நாட்களிலும் லூயி முயன்றார். பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். இருநிரை, நிரைக்கு மூன்று புள்ளி. விரலை அசையாது வைத்தால் ஆறும் ஒருமிக்கப் படும். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி எழுப்பினால் 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எழுத்தும் எண்ணும் குறிகளும் இசைச்சுரமும் அவற்றுள் அடங்கும். 1824ஆம் ஆண்டளவில் முறை ஒருவாறு முற்றுப்பெற்றது. அப்போது அவருக்கு வயது பதினைந்து. நம் வகுப்பிலே அவ்வயதினர் இன்னும் சந்தி பிரிக்கத் தடுமாறுகின்றனர். எழுதும் கருவியோ தந்தையின் குத்தூசி போன்ற ஓர் ஊசியே. தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பி இடமிருந்து வலமாகப் படிப்பர்.

1829இல் இம்முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலே பழைய புடைப்பெழுத்தில்தான் அச்சாயிற்று. 1828 தொடக்கம் துணையாசிரியராயும் 1833இல் ஆசிரியராயும் அக்கல்விச்சாலையிலேயே அமர்ந்தார். இசையிலும் வல்லவர், பாரிசுக் கோயில்களில் ஓர்கன் வாசித்துப் பொருளீட்டினார். 1831இல் தந்தையார் இறந்தார். இறக்கும் தறுவாயில், மகனைக் கைவிடாதிருக்குமாறு கல்விச்சாலை அதிபருக்குக் கடிதம் எழுதுவித்தார் என்பர். பத்தொன்பது ஆண்டு கழிந்தும் அந்தக் குத்தூசியை அவர் மறந்திலர் போலும்.

இவ்வளவு பயனுள்ள எழுத்தை உலகம் கைநீட்டி ஏற்றது என வாசகர் எண்ணுவாராயின் அது தவறு. கண்ணுள்ள ஆசிரியர்க்கு அது புரியவில்லை. புரியாத எழுத்தை மாணவர் கையிற் கொடுக்க அஞ்சினர். 1840இல் அதிபராய் வந்த துய்போ என்பார் அதனை விலக்கினார். இருந்த புத்தகங்களையும் எரிப்பித்தார் என்பர். மாணவர் ஆணியையும் பின்னலூசியையும் கொண்டு மறைவாக எழுதிக்கொண்டிருந்தனர். உதவியதிபர் குவாதே என்பார் அவர் மனத்தை மெல்ல மாற்றினார். 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி புதிய கட்டடத் திறப்பு விழாவிலே, சபையோர் முன், புள்ளியெழுத்தின் பயன் எழுதியும் படித்தும் காட்டப்பட்டது. மாணவர் வெற்றி அது. பாடத்திட்டம் வகுப்போர் மாணவர் விரலைக் கேளாது வகுத்த பிழை பாரிசுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் அதனை வேறிடத்திற் பேசுவோம்.

அப்போது லூயியின் உடல் தளர்ந்துவிட்டது. இருபத்தாறாம் வயதளவிலே தோன்றிய காசநோய் முற்றிக்கொண்டு வந்தது. இடையிடையே கோவ்ரே சென்று இளைப்பாறுவார். சிறிது தேறியதும் மீள்வார். மென்மையாகப் பேசுபவர், வாங்கிய கடனை அடைக்க இயலாதோரை நெருக்காதவர். தாம் இறந்தபின் திறவாது எரிக்கும்படி ஒரு சிறு பெட்டியை விட்டுச் சென்றார் என்றும், திறந்து பார்த்தபோது மாணவர்க்குக் கொடுத்த கடனுக்குரிய சீட்டுக்களே அதில் இருந்தன என்றும் கூறுவர். 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி, நாற்பத்து மூன்று வயது நிறைந்து இரண்டாம் நாள், இறந்தார். பாரிசுப் பத்திரிகைகள் ஒரு வரியும் எழுதவில்லை என்பர். 1854இலேயே அவர் கல்விச்சாலை அவரெழுத்தை முறையாக ஏற்றது. 1878இற் பாரிசிற் கூடிய பன்னாட்டு மாநாடு அதனைச் சிறந்ததென ஒப்பியது.

அவ்வெழுத்து தமிழுக்கும் வந்தது. பாளையங்கோட்டையிலே 1890இல் அஸ்க்வித் அம்மையார் குருட்டுப் பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு புள்ளிமுறையாய் இருந்த குழப்பம், 1951இற் பெய்ரூத் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டின் பின் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறையாற் தீர்ந்தது. தமிழும் அதிலடங்கும். அம்முறையில் அகரத்துக்கு ஒரே புள்ளி. அச்செழுத்திற் கொம்பு முன்னே நிற்கும் கெ, கே முதலியவற்றை எழுதும்போதும் மெய்யை முதலிலும் உயிரைப் பின்னும் வைப்பர். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்த முறைக்கு அச்சிலும் பார்க்கப் புள்ளியெழுத்தே நெருங்கி நிற்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நம் நாட்டிலே இரத்மலானைப் பாடசாலை 1912இல் மேரி சப்மன் அம்மையாரால் நிறுவப்பட்டது. வடக்கே கைதடியிலும், நம் மட்டக்களப்பிலே தரிசனம் என்னும் பெயருடன், விழிப்புலனற்றோர்க்குரிய பாடசாலைகள் உள்ளன.

லூயியின் பார்வையை அழித்த அந்நோய்க்கு, 1950ஆம் ஆண்டையடுத்தே, கோட்டிசோன் இன மருந்துகள் வந்தன. காவலரின் சினத்தை அடக்குவன அவை. பின்னர் அவற்றினும் நுண்ணிய மருந்துகள் வந்துள்ளன. காலந்தாழ்த்தாது தொடங்கினாற் பெரும்பாலார் பயன்படும் பார்வையைக் காத்துக்கொள்கின்றனர். இன்று வைத்தியர் துளைபட்ட கண்ணை முதலிற் தைத்துக் காக்கவே முயல்வர். மற்றைக் கண்ணைப் பல மாதம் கவனித்துவருவர். ஒரு கண்ணில் என்றோ துளைகாயம் பட்டவர்க்கு நல்ல கண் சிவந்தாலோ, வெளிச்சத்திற் கூசினாலோ, மங்கினாலோ, அன்றைக்கே காட்டவேண்டும். பரீட்சை காத்திருக்கும்.

1952ஆம் ஆண்டு, லூயி இறந்து நூறாண்டு நிறைந்தபோது, கூவ்ரே இடுகாட்டிலிருந்த அவருடலைப் பிரான்சு அரசு எடுத்து, நாட்டின் பெரியோரை அடக்கும் பாந்தியன் மண்டபத்துக்குக் கொண்டுசென்றது. கைகளின் எலும்பை மட்டும் ஊரில் விட்டனர். அவை ஒரு சிறு பேழையில் அவ்வூர்க் கல்லறையிலே இருக்கின்றன. தந்தையார் தோல் தைத்த வீடு அருங்காட்சியகமாகியுள்ளது.